சத்திரத்து யாரிருக்கா

மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூர் வரை எத்தனை குடும்பங்களில் நின்றுபோன பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியதோ, எத்தனை குடும்பங்களில் நன்றாக இருந்த பேச்சுவார்த்தை அடியோடு நின்றதோ, அத்தனைக்கும் ஒரே மனிதர்தான் பொறுப்பு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தெருவில் அவருக்குப் பெயர் யாரிருக்கா.

எங்கள் தெரு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் இரண்டு திருப்பம் தள்ளி இருக்கிறது. அதன் கோடியில் ஒரு சத்திரம். காஞ்சிபுரத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ஜனங்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும் திருவிழா பார்க்க வந்த காலத்தில், பிள்ளையில்லாத ஓர் எண்ணெய் வியாபாரியும் அவர் மனைவியும் கட்டி வைத்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், பின்னால் கிணறு. வழிநடந்து வந்தவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க வாசலில் ஒரு சுமைதாங்கிக் கல். நான் சொல்லும் தொண்ணூறுகளில் அதன்மேல் இஸ்திரிக்காரர் துணி மூட்டையை வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்திரத்திலேயே முழுநேரமும் வேலை செய்தது அந்தக் கல் ஒன்றுதான்.

வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் கல்வெட்டு ஒன்று பதித்திருந்தார்கள். இந்தப் பட்டணத்தில் தம்முடையவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத வழிப்போக்கர் தங்குவதற்காக இந்தத் தர்மம் என்று அதில் இருந்தது. இப்படிக் கல்வெட்டுகள் எல்லாச் சத்திரங்களிலும் உண்டு. மற்ற சத்திரங்களில் அதன்மேல் தாராளமாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர், முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் என்று கிடைத்தவரையெல்லாம் உள்ளே விட்டார்கள். யாரிருக்கா அந்தக் கல்வெட்டை வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். அதோடு நிற்காமல் அதை நடைமுறைப்படுத்தவும் செய்தார். இப்படிப்பட்ட தர்ம ஸ்தாபனங்களின் கோப்புகளைத் தள்ளி வயிறு வளர்த்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தில் இருப்பதை எழுதினபடியே நிறைவேற்றிய ஒரே ஊழியரை அங்கேதான் பார்த்தேன். அதன் விளைவு எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

பட்டியலில் அவர் காவலர். தன்னை மணியக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒல்லியான உடம்பு, நாலு முழ வேட்டி, காலர் கிழிந்த வெள்ளைச் சட்டை. வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். பையோடு யாராவது வந்து நின்றால், எழுந்திருக்காமல் கேட்பார்:

"இந்த ஊர்ல உங்களுக்கு யாரிருக்கா?"

கும்பகோணம் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டிக்கொள்ள வந்த ஒருவரிடம் அவர் நடத்திய விசாரணையை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

"யாருமில்லீங்க. ரெண்டு ராத்திரி தங்கணும். அவ்வளவுதான்."

"சம்சாரம் எந்த ஊரு?"

"அவ பட்டுக்கோட்டைங்க."

"பட்டுக்கோட்டையில எந்தத் தெரு? மாமனாரு கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? அவங்க பிள்ளைங்கள்லாம் எங்க இருக்கு?"

வந்தவர் முதலில் பெருமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மாமனார் வம்சத்தை இவ்வளவு அக்கறையாக விசாரித்த ஆளை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலிருக்கிறது. சற்று நேரத்தில், மேற்கு மாம்பலத்தில் ரயில்வே கிளார்க்காக இருக்கும் ஒரு மைத்துனர், பெரிய மாமனாரின் மகன், விசாரணையில் அகப்பட்டுவிட்டார்.

"இருக்காருங்க. ஆனா பேச்சுவார்த்தை கெடையாது."

"ஏன்?"

"எங்க கல்யாணத்துல மொத பந்தியில உக்கார வெக்கலைன்னு கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"கல்யாணம் ஆகி எவ்வளவு காலமாச்சு?"

"பொண்ணு காலேஜ் போவுதுங்க."

"அப்ப இந்நேரம் எங்கயாவது சாப்ட்டிருப்பாரு. எந்திரிங்க."

வழி சொல்லி ஆளை அனுப்பிவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. கூடவே போவார். வீட்டு மணியை அடிப்பார். கதவு திறந்ததும், "உங்களவர் வந்திருக்காரு" என்று சொல்லி, வந்தவர் பையை முதலில் நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிடுவார். பை உள்ளே போன பிறகு ஆள் வெளியே நிற்பது அழகில்லை என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்காரர் வாயிலிருந்து "வாங்க" என்ற சொல் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் தபால்காரர் திரும்புவாரா?

அவசரத்துக்குத் தெருமுனை ஆட்டோவை அழைப்பார். ஓட்டுநர் ஏழுமலைக்கு இந்தச் சவாரி பிடிக்காது.

"இன்னா நைனா, இன்னிக்கு யாரை யார் தலைல கட்டப் போற?"

"மாம்பலம்ப்பா."

"மாம்பலமா? போன தபா வுட்டுட்டு வந்தமே, அந்தம்மா என் வண்டி நம்பரைக் குறிச்சு வெச்சுக்கினு கீது. நீ பஸ்ஸுல போய்க்கினே இரு."

எப்போதும் சரியான வாசலில்தான் சேர்ப்பார் என்று சொல்ல முடியாது. தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஓர் அடுக்குவீட்டில், காரைக்குடிக்காரர் ஒருவரை அவருடைய ஒன்றுவிட்ட அத்தை வீட்டில் விடப் போனார். அத்தை வீடு இரண்டாவது மாடி. இவர் விட்டது மூன்றாவது மாடி. கதவைத் திறந்த கணவன், மனைவி வழி உறவு என்று நினைத்து "வாங்க" என்றார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, கணவன் வழி உறவு என்று நினைத்து இலை போட்டாள். ஒருவரை ஒருவர் கேட்டால் பிறந்த வீட்டையோ புகுந்த வீட்டையோ மதிக்கவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? இருவரும் கேட்கவில்லை. காரைக்குடிக்காரர் அங்கே தங்கி, வந்த வேலையை முடித்து, வீட்டுக் குழாயையும் பழுது பார்த்துக் கொடுத்து, கிளம்புகிற அன்றைக்கு, "அத்தை ஊர்லேருந்து எப்ப வருவாங்க? பாக்காமலே போறேனே" என்றிருக்கிறார்.

"எந்த அத்தை?" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கேட்டார்களாம். கல்யாணமானதிலிருந்து அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை என்று அந்தக் கணவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நான் யாரிருக்காவைக் கண்டித்தேன். "முகவரியைச் சரிபார்க்க வேண்டாமா?"

"ஒரு மாடிதாங்க கூடப் போச்சு" என்றார். அந்தக் காரைக்குடிக்காரர் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி மூன்றாவது மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி அத்தைக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

புகார்கள் எல்லாம் என்னிடம் வந்தன. நான் சத்திரத்துக்கு எதிர்வீடு. தவிர, ஓய்வு பெற்றாலும் அலுவலகக் களை என் முகத்தைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் பக்கத்துத் தெரு மாமி ஒருத்தி வந்தாள். நான் அப்போது சத்திரத்து வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஆபீஸ்ல பெரிய உத்தியோகம் பார்த்தவர். நீங்களாவது இவர்கிட்ட சொல்லப்படாதா? எங்காத்துக்காரரோட சித்தப்பாவாம். கொண்டுவந்து தள்ளிட்டுப் போயிட்டார். கார்த்தால பேப்பரை எடுத்துண்டு ஃபேனுக்குக் கீழே உக்கார்ந்தார்னா சாயங்காலம் வரைக்கும் அசையறதில்லை. கிளம்பறேன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரணுமே."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? அவருக்கு நீங்க இருக்கீங்க" என்றார் யாரிருக்கா.

"எங்களுக்கு யார் இருக்கா?"

அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரும்மா?"

மாமி அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாகக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

என்னையும் அவர் விட்டு வைக்கவில்லை. என் மனைவி காலமான மறுவருஷம், வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாடையில் தலை சுற்றியது. எதிரே இத்தனை அறைகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசல்படியிலேயே கேள்வி வந்தது.

"எனக்கு யாரும் இல்லைங்கறது உமக்குத் தெரியாதா? பெண் அமெரிக்காவில் இருக்கா."

"எதிர்வீட்டுல ஒருத்தர் இருக்காரே. தங்கமான மனுஷர்னு கேள்வி."

"அது நான்தானய்யா."

"அப்ப அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க."

தலையணையோடு திரும்பி வந்தேன். சட்டப்படி அவர் செய்தது சரிதான்.

இப்படியே போனால் சத்திரத்தில் யார் தங்குவார்கள்? யாரும் தங்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் அந்த மனிதர் ஓர் அறை விடாமல் பெருக்குவார். பாய்களை உதறி விரிப்பார். கிணற்றில் தண்ணீர் சேந்தி, ஒவ்வொரு அறை வாசலிலும் செம்பில் வைப்பார். முற்றத்து மாடத்தில் விளக்கேற்றுவார். பிறகு வாசல்படியில் வந்து உட்காருவார். காலையில் செம்புத் தண்ணீரை எல்லாம் முற்றத்து வாழைக்கு ஊற்றிவிட்டுப் பாய்களைச் சுருட்டி வைப்பார். படுக்காத பாயை எதற்குச் சுருட்டி மறுபடி விரிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"படுத்துருந்தாங்கன்னா சுருட்டித்தானே ஆகணும்" என்றார்.

அவருக்கு விடுமுறை இல்லை. போக இடமும் இல்லை. தெற்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து வாலிப வயதில் வந்து இந்தச் சத்திரத்தில்தான் இறங்கியிருக்கிறார். அப்போதிருந்த மணியக்காரர் கேள்வி கேட்காத ரகம். அவர் செத்துப்போனதும் இவர் அப்படியே அந்த இடத்தில் நின்றுவிட்டார். கோடியறை அவருடையது. ஒரு பெட்டி, ஒரு கொடி, கொடியில் மற்றொரு சட்டை. அவருக்குக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. பண்டிகையன்று கதவைத் தட்டியவர் இல்லை. ஒருமுறை நான் வேடிக்கையாக அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன்.

"கேக்கறது என் வேலைங்க" என்றார். 

அவரை வெறும் பிடிவாதக்காரர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் வடக்கேயிருந்து ராமேஸ்வரம் போகிற கிழவர் ஒருவர் வந்தார். கூட வந்தவர்களை எங்கோ ஸ்டேஷனில் தவறவிட்டுவிட்டார். தமிழ் தெரியாது. யாரிருக்கா அவருக்கும் விசாரணை நடத்தினார், கை ஜாடையில். என்னைக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்கச் சொன்னார். வடநாட்டுக்காரர்கள் கடை வைத்திருக்கும் சௌகார்பேட்டைக்கு அழைத்துப் போய்க் கடை கடையாக நிறுத்தி, "உங்க ஊரா பாருங்க, உங்க ஜாடையா பாருங்க" என்று காட்டினார். ஒருவரும் அகப்படவில்லை. திரும்பி வந்தார்கள். கிழவரைக் காற்று வரும் அறையாகப் பார்த்து உட்கார வைத்து, வெந்நீர் போட்டுக் கொடுத்து, தன் போர்வையை எடுத்துப் போர்த்தினார் யாரிருக்கா. பிறகு வாசலுக்கு வந்து சுவரில் இருந்த கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தர் உள்ள வந்துட்டாரே. சந்தோஷம்தானே?" என்றேன்.

"என்னங்க சந்தோஷம்? ஊரெல்லாம் தேடியும் ஒரு ஆள் இல்லையே அவருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சத்திரத்தில் இடம் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை ஒரு தீர்ப்பு. உனக்கு யாருமில்லை என்று ஒரு மனிதன் முகத்துக்கு எதிரே சொல்லிப் பாயை விரிப்பது. அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் அவர் இத்தனை மாமனார்களையும் மைத்துனர்களையும் தோண்டியெடுத்துக்கொண்டிருந்தார். கிழவர் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறிய பிறகும் நாலைந்து நாள் யாரிருக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெட்ராஸ் சென்னையான சமயம் அது. சத்திரங்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களாகிக்கொண்டிருந்தன. எங்கள் சத்திரத்துக்கும் என் பழைய அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் வந்தது. வழிப்போக்கர் யாரும் தங்காததால் தர்மத்தின் நோக்கம் காலாவதியாகிவிட்டதாகத் தெரிகிறது, ஆகவே கட்டடத்தை மண்டபமாக மாற்ற உத்தேசம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று வாசகம். இந்த வாசகத்தை நானே என் காலத்தில் பல சத்திரங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெறுகிற பக்கத்திலிருந்து படிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. மண்டபம் வந்தால் கோடியறை ஜெனரேட்டர் அறை ஆகும். யாரிருக்காவுக்குப் பென்ஷன் கிடையாது. அறுபதை நெருங்குகிற வயதில் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டும்.

நான் நடைமுறையை விளக்கினேன். "முதலில் அதிகாரி வந்து பார்வையிடுவார். அன்றைக்கு உள்ளே ஆள் இருக்கணும். யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்காம உள்ளே விடணும். புரிஞ்சுதா?"

"கேக்க மாட்டேங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

பார்வையிடும் அன்று காலை அதிர்ஷ்டவசமாக வேதாரண்யத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நானே வாசலில் நின்று அவர்களை வரவேற்று உள்ளே உட்கார வைத்தேன். குளித்துவிட்டு, அதிகாரியை எதிர்கொண்டு அழைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அறைகள் காலி. விரித்த பாய்கள் மட்டும் கிடந்தன.

"எங்கய்யா அவங்க?"

"அந்தம்மாவோட தம்பி மருமவன் அடையாறுல இருக்காருங்க. இப்பத்தான் ஏழுமலை வண்டியில ஏத்தி அனுப்பிச்சேன். அதிகாரி வராருன்னுதான் கூடப் போவலை."

"கேட்க மாட்டேன்னு சொன்னீரே."

"நான் கேக்கலைங்க. தண்ணி கொண்டாந்து கொடுத்தேன். அந்தம்மாவாத்தான் தம்பி பொண்ணு அடையாறுல வாக்கப்பட்டிருக்குன்னு சொல்லிச்சு. சொன்ன பொறவு எப்படிங்க சும்மா இருக்கறது?"

அதிகாரி இளைஞர். மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். யாரிருக்கா அவர் பின்னாலேயே நடந்தார்.

"தம்பி எங்க தங்கியிருக்கீங்க?"

"திருவல்லிக்கேணில, ஒரு லாட்ஜ்ல."

"லாட்ஜா? சாப்பாடு?"

"மெஸ்ஸுதான்."

"அப்பா கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு தம்பி?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அதிகாரி சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்துகொண்டு, நங்கநல்லூரில் இருக்கும் ஓர் அத்தையைப் பற்றி, அப்பாவுக்கும் அவளுக்கும் நடந்த பாகப்பிரிவினையைப் பற்றி, சின்ன வயதில் அவள் வாங்கிக் கொடுத்த மரக்குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நங்கநல்லூருக்குப் போனார். கொண்டுபோய் விட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அறிக்கை அறிக்கைதான். "அத்தை வத்தக்குழம்பு வெச்சாங்க சார். எங்க அப்பத்தா கைப்பக்குவம் அப்படியே இருந்துச்சு. ஆனா சத்திரத்துல யாருமில்லைங்கறதைத்தானே நான் எழுத முடியும்?" என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். வத்தக்குழம்பையும் அறிக்கையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அதிகாரி. அவரிடம் என்னால் குறை காண முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. சத்திரத்தின் மூல சாசனத்தை நான் வேலையில் இருந்தபோது படித்திருக்கிறேன். தகுதியுள்ளவர் ஒருவராவது உள்ளே தங்கியிருக்கும் வரை கட்டடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று அந்த எண்ணெய் வியாபாரி எழுதி வைத்திருந்தார். தகுதி என்ன? இந்தப் பட்டணத்தில் தம்முடையவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமை. அப்படி ஒரு மனிதர் கோடியறையில் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கிறாரே! காவலராக இருந்தால் என்ன, அவரும் ஊரைவிட்டு வந்து இறங்கியவர்தானே? ஆட்சேப மனுவை நானே எழுதினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த மனுவில் ஓட்டை கிடையாது. அவரை எங்கும் போகச் சொல்லாமல், சத்திரத்தையும் மண்டபமாக்கவிடாமல், ஒரே கல்லில் இரண்டு காரியம்.

விசாரணைக்கு முதல் நாள் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"உமக்கு இந்த ஊர்ல யாராவது இருக்காங்களான்னு அதிகாரி கேட்பார். இல்லைன்னு சொல்லணும். ஒரே வார்த்தை. மேலே விளக்கம் எதுவும் வேண்டாம்."

"யாருமில்லைன்னா?"

"ஆமாம். உண்மைதானே?"

அவர் மாடத்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். "சரிங்க" என்றார்.

மறுநாள் கொடியில் இருந்த மற்றொரு சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து அலுவலகத்துக்கு வந்தார். விசாரித்தவரும் அதே இளம் அதிகாரிதான். பார்வையிட்டவரே விசாரிப்பது முறையா என்று கேட்டால், முறையில்லை, ஆள் பற்றாக்குறை. அவர் என் மனுவை முழுக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அவருக்கும் சத்திரத்தை மூட மனமில்லை. மூடாமலிருக்க ஒரு காரணம் கோப்பில் வந்துவிட்டது. மீதி இருந்தது ஒரு பதில்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஐயா, சென்னைல உங்களுக்குன்னு யாராவது இருக்காங்களா?"

யாரிருக்கா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"இல்லைன்னு சொல்லத்தாங்க வந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவர் இருக்காருங்க."

அதிகாரி பேனாவை மூடவில்லை. நல்ல பிள்ளை, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "சார், பக்கத்துல குடியிருக்கறவர்ங்கற அர்த்தத்துல சொல்றார் போலிருக்கு. அப்படித்தானே? நீங்க அவருக்கு ஒண்ணும் ஆகணும்னு இல்லையே?"

அப்படித்தான் என்று நான் தலையாட்டினால் போதும். சத்திரம் நிற்கும், கோடியறை நிற்கும், என் மனுவும் நிற்கும். சர்வீஸ் முழுவதும் ஒரு கோப்பைக்கூட நான் கையெழுத்துக் கட்டத்தில் கோட்டை விட்டதில்லை. இஸ்திரிச் சட்டையோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரைக் கொண்டுபோய் விடும்போது கதவு திறந்ததும் எப்படி நிற்பாரோ அப்படி, நிலைப்படியைப் பார்ப்பதுபோல், கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை தம்பி. அவர் சொல்றது சரிதான். அவருக்கு நான் இருக்கேன்" என்றேன்.

மனு தள்ளுபடி ஆயிற்று.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். ஒரே வார்த்தை. அதைச் சொல்ல உமக்கு என்னய்யா கேடு?"

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க" என்றார். "பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்க. உங்களை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து, என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லஸ்ஸில் இறங்கியதும் வேகமாகத் தெருப்பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"எங்கே போறீர்?"

"பெட்டியை எடுத்துக்கிட்டு வரேங்க. நீங்க மெதுவா வாங்க" என்றார். என்னைக் கேட்டுச் செய்ய வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மாட வீதி திரும்பும் இடத்தில் குடையின்கீழ் உட்கார்ந்து அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தவரிடம் போய், வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய பூட்டாச்சே. இன்னா சார், ஒண்ணைத் தொலைச்சுட்டியா?"

"இல்லைப்பா. வீட்ல ரெண்டு பேரு" என்றேன்.